வீட்டிலா, சானடோரியத்திலா? சென்னையில் நடந்த ஓர் ஆய்வு

[திரையில்: சென்னை, 1956]

காசநோய் என்றால் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் மருத்துவமனையில், மாதக்கணக்கில் படுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர்கள் நம்பிய காலம். நோயாளிகள் ஏராளம், கட்டில்களோ கொஞ்சம். ஐசோனியாசிட், பாஸ் என்ற மருந்துகள் வந்துவிட்டன. அவற்றை வீட்டிலிருந்தே சாப்பிட்டால் குணமாகுமா?

சேத்துப்பட்டில் இருந்த காசநோய் ஆய்வு மையம் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. தலைமை, பிரிட்டிஷ் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ்.

சானடோரியத்தில் எத்தனை பேர் பிழைத்தார்கள், வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணினால் போதாதா? போதாது. நோய் முற்றியவர்களைத்தான் டாக்டர் முதலில் சானடோரியத்தில் சேர்ப்பார். அவர்களுக்குக் குணமாகாவிட்டால் பழி சானடோரியத்தின் மேல் விழும். உண்மைக் காரணம் நோயின் தீவிரம். இப்படி ஊடே புகுந்து கணக்கைக் கெடுப்பதுதான் குழப்பக் காரணி.

சரி, என்ன செய்தார்கள்? யார் எங்கே என்பதை டாக்டரும் தீர்மானிக்கவில்லை, நோயாளியும் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவது போலப் பிரித்தார்கள். அப்படிப் பிரித்தால் முற்றிய நோய், வறுமை, வயது எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழும். நமக்குத் தோன்றவே தோன்றாத வேறுபாடுகளும் அப்படியே. இந்த முறையின் மிகப் பெரிய பலம் இதுதான் என்பேன்.

இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசலான குடியிருப்பு, குறைவான சாப்பாடு, போதாத ஓய்வு. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் சிறுநீர் மாதிரி வாங்கி வந்தார்கள். பாஸ் உள்ளே போயிருந்தால் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

[திரையில்: வீடு 86%, சானடோரியம் 92%]

ஒரு வருஷம் கழித்துச் சளியில் கிருமி அடங்கியிருந்தவர்களின் விகிதம் இது. அப்படியானால் சானடோரியம் ஜெயித்துவிட்டதா? அவசரப்பட வேண்டாம். ஒரு பக்கம் சுமார் 80 பேர்தான். அதில் 6% என்றால் ஐந்து பேர். அவ்வளவு வித்தியாசம் தற்செயலாகவே வரலாம்.

அப்புறம், எல்லோரையும் பயமுறுத்திய கேள்வி: வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தொற்றாதா? குடும்பத்தாரை ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டில் சிகிச்சை நடந்த குடும்பங்களில் நோய் கூடவில்லை. நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே, மருந்து தொடங்காத அந்த நாட்களில்தான், தொற்று பெரும்பாலும் நடந்து முடிந்திருந்தது.

ஒரு வருஷச் சிகிச்சையின் முடிவு 1959-இலேயே வெளியானது. வீட்டிலிருந்தே சிகிச்சை என்ற வழக்கம் பிறகு பல நாடுகளுக்கும் பரவியது.