ஜெலட்டின் இழைப்பாய் இந்த முறை கரையவில்லை!

நண்பர்களே, வணக்கம். காரைக்குடியில் மழை ஓய்ந்து காற்றின் ஈரம் குறைந்ததும் மின்நூற்புக் கருவியை, அதாவது கரைசலை உயர் மின்னழுத்தத்தால் மிக நுண்ணிய இழையாக இழுக்கும் கருவியை, மீண்டும் ஓட்டினேன். கொலாஜன் புரதத்திலிருந்து கிடைக்கும் ஜெலட்டினில் நூற்ற நானோ இழைப்பாய் நீரில் கரையாமல் நின்றுவிட்டது. அந்த மகிழ்ச்சியில்தான் இந்தக் காணொளி.

கருவியைப் பழைய காணொளிகளில் பார்த்திருக்கிறீர்கள். ஊசிக்கு 15 கிலோவோல்ட் கொடுத்தவுடன், முனையில் தொங்கும் ஜெலட்டின் கரைசல் துளி கூம்பாக நீண்டு, அதன் நுனியிலிருந்து கிளம்பும் தாரை காற்றில் சுழன்று மெலிந்து, 15 சென்டிமீட்டர் எதிரேயுள்ள தகட்டில் இழையாகப் படிகிறது. நம் திசுக்களில் செல்களைத் தாங்கும் கொலாஜன் இழைகளும் நானோமீட்டர் அளவிலானவையே என்பதால், புண்ணில் புதிய செல்கள் பற்றி வளர்வதற்கான தாங்கு சட்டகமாக இத்தகைய பாய்களை ஆராய்கிறார்கள்.

தகட்டில் விரிக்கும் அலுமினியத் தாளைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. ஆய்வகப் பொருள் விற்பவர் ஒருவர் சொன்ன விலையைக் கேட்டு எரிச்சலடைந்து, செக்காலைச் சாலையில் சமையலுக்கு விற்கும் சுருளை 120 ரூபாய்க்கு வாங்கினேன். அருமையான தாள்! ஓரத்தை இடுக்கியால் பற்றி மெல்ல இழுத்ததும், வெள்ளைப் பாய் கிழியாமல் முழுதாக உரிந்து வந்தது. இனி எனக்கு வேறு தாளே வேண்டாம்.

கரைப்பானைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நீர் கலந்த அசிட்டிக் அமிலத்தையே பயன்படுத்தினேன். வெறும் நீரில் கரைத்தால் அறை வெப்பத்தில் ஜெலட்டின் உறைந்து ஊசியை அடைத்துவிடும். பலர் விரும்பும் ஃபுளோரோ ஆல்கஹால்கள் எனக்கு அறவே பிடிக்காது: விலையும் அதிகம், நச்சும் அதிகம், கொலாஜனை நூற்றால் அதன் மூன்று சங்கிலிகள் முறுக்கிய முப்புரிச் சுருளையும் அவிழ்த்துவிடுகின்றன.

உரித்த பாயை அப்படியே நீரில் போட்டால் கரைந்துவிடும். புரதச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்தாக வேண்டும். அப்படிப் பிணைக்கும் குளூட்டரால்டிஹைடு மலிவுதான், ஆனால் எஞ்சி நிற்கும் மிச்சம் செல்களைக் கொல்லும் என்பதால் அதை நான் தொடுவதில்லை. அதற்குப் பதிலாக, கார்டீனியா கனியிலிருந்து எடுக்கப்படும் ஜெனிப்பின் என்ற பிணைப்பானை, சிறிதளவு நீர் சேர்த்த எத்தனாலில் கரைத்து, பாயை ஊறவிட்டேன். ஓரத்தில் தொடங்கிய நீலம் மெதுவாகப் பரவி, பாய் முழுவதும் கருநீலமானது. பிணைப்பு நடந்ததற்கு அந்த நிறமே அடையாளம். பிறகு 37 டிகிரி வெப்பத்தில் உப்புக் கரைசலில் இரவு முழுவதும் வைத்திருந்தும், இடுக்கியால் தூக்கியபோது ஒரு மூலைகூடப் பிய்யவில்லை.

ஊறியதில் இழைகள் உப்பி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால், செல்கள் உள்ளே நுழைய இடைவெளி இருக்காது. அதனால் ஒரு துண்டை எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அனுப்பியிருக்கிறேன். படம் வந்ததும் உங்களுக்குக் காட்டுகிறேன்.