ஒரு பிளைமவுத், மூணு முகம்: பம்பாயில கோர்த்த அமெரிக்கக் கார்கள்

[திரையில்: வரைபடம். டெட்ராய்ட், நடுவுல ஆறு, எதிர்க்கரையில கனடா]

ஃபோர்டு கம்பெனி 1926-ல இந்தியாவுக்கு வந்தப்போ அதோட தாய்க் கம்பெனி அமெரிக்காவுல இல்ல, கனடாவுல இருந்துச்சு. டெட்ராய்ட் ஆத்தைத் தாண்டினா வாக்கர்வில். அங்க 1904-ல தொடங்கின ஃபோர்டு கனடாவுக்குத்தான், பிரிட்டனைத் தவிர மத்த பிரிட்டிஷ் சாம்ராஜ்ய நாடுகள்ல கார் விக்கிற உரிமை. எல்லாம் சுங்கவரிக் கணக்கு. சாம்ராஜ்யத்துக்குள்ள செஞ்ச சரக்குக்குப் பல நாடுகள்ல வரிச் சலுகை உண்டு. அதே கார் ஆத்துக்கு எந்தக் கரையில தயாராகுதுங்கிறதுலயே விலை மாறிடும்!

[திரையில்: துறைமுகம், மரப்பெட்டிகள்]

முழுக் காரைக் கப்பல்ல ஏத்தினா, பாதிக்கு மேல காத்துக்குத்தான் வாடகை கட்டணும். அதனால பிரிச்சு, பெட்டியில அடுக்கி அனுப்பினாங்க. சி.கே.டி.ன்னு சொல்றது இதைத்தான். உதிரியா வந்தா வரியும் குறைவு. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல பம்பாய் சிவ்ரியில இப்படித்தான் செவர்லே கோர்க்க ஆரம்பிச்சது. ஃபோர்டுக்கு 1930-கள்ல பம்பாய், கல்கத்தாவோட நம்ம மெட்ராஸ்லயும் பட்டறை இருந்துச்சு.

[திரையில்: குர்லா. மூணு கார், முன்பக்கம் மட்டும்]

எனக்கு ரொம்பப் பிடிச்சது கிரைஸ்லர்ங்கிற இன்னொரு அமெரிக்கக் கார் கம்பெனி பண்ண வேலை. வால்சந்த் ஹிராசந்த் 1944-ல தொடங்கின பிரீமியர் கம்பெனி, 1947-லருந்து பம்பாய் குர்லாவுல கிரைஸ்லர் கார்களைக் கோர்த்துச்சு. பிளைமவுத், டாட்ஜ் கிங்ஸ்வே, டிசோட்டோ டிப்ளமேட். பேரு மூணு. கொஞ்சம் பின்னாடி போய்ப் பாருங்க.

[திரையில்: கேமரா மெதுவா பக்கவாட்டுல நகருது]

கதவு, கூரை, டிக்கி எல்லாம் ஒண்ணு! மூணுமே பிளைமவுத் பாடிதான். டாட்ஜுக்கு டாட்ஜ் முகம், டிசோட்டோவுக்குப் பல்லு வரிசை மாதிரி கிரில். உள்ள அதே சைடு வால்வு (வால்வு சிலிண்டருக்குப் பக்கத்துல இருக்கிற பழைய வகை) ஆறு சிலிண்டர் இன்ஜின். அமெரிக்காவுல டிசோட்டோ இதைவிடப் பெரிய வண்டி, விலையும் கூட. வெளிநாட்டு டீலருக்கு விலை கம்மியா ஒரு மாடல் வேணும், அதுக்குத்தான் இந்த ஒட்டு வேலை. ஏமாத்து வேலைன்னு சிலர் சொல்வாங்க. நான் அப்படிச் சொல்ல மாட்டேன், அந்த இன்ஜின் உழைச்ச உழைப்பு அப்படி. லாரியிலயும் இதே கதைதான்: டாட்ஜ், ஃபார்கோ, டிசோட்டோன்னு ஒரே வண்டிக்குப் பல பேரு.

[திரையில்: 1953]

பெட்டியைப் பிரிச்சு மாட்டினா மட்டும் போதாது, பாகங்களை இங்கயே தயாரிக்கத் திட்டம் வேணும்னு 1953-ல அரசு சொல்லிடுச்சு. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டிட்டாங்க. பிரீமியர் தாக்குப்பிடிச்சுச்சு, ஃபியட் 1100 பக்கமும் திரும்புச்சு.

இன்னைக்கு டிப்ளமேட் ஒண்ணைப் புதுப்பிக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். வெளிநாட்டுல கதவோ கண்ணாடியோ தேடும்போது டிசோட்டோன்னு ஆர்டர் போட்றாதீங்க, பொருந்தாது. அதே வருஷத்துப் பிளைமவுத்ல எந்த பாடின்னு பார்த்துட்டு, அந்தப் பேர்ல கேளுங்க.