படுக்கைக்கு எத்தனை செவிலியர்?

(பெங்களூருவில் வாழும் தமிழ்ச் செவிலியர்கள், செவிலியர் மாணவர்கள், பெற்றோர் ஆகியோர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம். இரவுப் பணியை முடித்துவிட்டு உறங்காமல் வந்திருப்பவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். படித்து முடித்துப் பதிவும் செய்துவிட்டு, மருத்துவமனை மருத்துவமனையாக விண்ணப்பம் கொடுத்துக் காத்திருப்பவர்கள் அவர்களைவிட அதிகமாக இருக்கிறீர்கள். இன்று நான் பேச வந்தது இரண்டாவது வகையினரைப் பற்றி. ஆனால் முதல் வகையினரைப் பற்றிப் பேசாமல் அதைப் பேச முடியாது. ஏனென்றால், அங்கே ஒருவர் இரண்டு பேருடைய வேலையைச் சுமப்பதால்தான் இங்கே ஒருவருக்கு வேலை இல்லாமல் போகிறது.

நாட்டில் செவிலியர் பற்றாக்குறை இருப்பதாக அரசும் சொல்கிறது, மருத்துவமனை முதலாளிகளும் சொல்கிறார்கள். ஆயிரம் பேருக்கு 3 செவிலியர் வேண்டும் என்பது வழக்கமாக எடுத்துக்காட்டப்படும் அளவுகோல். நம் நாட்டில் ஏறக்குறைய 2 பேர்தான் என்று மத்திய அரசே நாடாளுமன்றத்தில் கூறியிருக்கிறது. அந்த இரண்டும்கூட மாநிலச் செவிலியர் மன்றங்களின் பதிவேட்டில் உள்ள பெயர்களை வைத்துப் போட்ட கணக்கு. துபாயில் இருப்பவரும், திருமணத்துக்குப் பின் வேலையை விட்டவரும், வேலை தேடி இந்த அரங்கத்தில் அமர்ந்திருப்பவரும் அந்தக் கணக்கில் அடக்கம். பற்றாக்குறைக்கு மருந்தாக 2023-ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில் 157 புதிய செவிலியர் கல்லூரிகள் அறிவிக்கப்பட்டன. கல்லூரி திறப்பதை நான் குறை கூறவில்லை. படித்து வெளியே வருபவர்களை எந்தப் பணியிடத்தில் அமர்த்துவது என்ற கேள்விதான் விடையில்லாமல் நிற்கிறது.

ஒரு வார்டுக்கு எத்தனை செவிலியர் வேண்டும் என்பதற்கு நம்மிடம் விதிமுறை இல்லாமல் இல்லை. போதனா மருத்துவமனையின், அதாவது மாணவர்கள் பயிலும் மருத்துவமனையின், பொது வார்டில் 3 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்று இந்தியச் செவிலியர் மன்றம் வகுத்திருக்கிறது. மூன்று பணிமுறைகளாக (ஷிஃப்டுகளாக) பிரித்தால், ஒரு நேரத்தில் 9 நோயாளிகளுக்கு ஒருவர். அதற்கு மேல் விடுப்பில் செல்வோருக்கு ஈடாக 30 விழுக்காடு சேர்த்துக்கொள்ள வேண்டும். 30 படுக்கை உள்ள வார்டுக்கு மூன்று பணிமுறைக்கும் சேர்த்து 10 பேர், ஈடு சேர்த்தால் 13 பேர். இப்போது உங்களில் வார்டில் வேலை செய்பவர்கள் நேற்றிரவை நினைத்துப் பாருங்கள். உங்கள் வார்டில் எத்தனை படுக்கை, எத்தனை சிஸ்டர் இருந்தார்கள் என்று நான் கேட்க வேண்டியதில்லை. முன்வரிசையில் சிலர் சிரிப்பதிலேயே விடை தெரிகிறது.

விதிமுறை இருந்தும் ஆள் குறைவது எப்படி என்பதற்கு இரண்டு வழிகளை நான் என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். முதல் வழி, எட்டு மணி நேரம் வீதம் மூன்றாக இருந்த பணிமுறையைப் பன்னிரண்டு மணி நேரம் வீதம் இரண்டாக்குவது. அன்றைக்கே மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் மிச்சம். யாரையும் வேலையை விட்டு நீக்கவும் வேண்டாம், புதிதாக எடுக்காமல் இருந்தாலே போதும். இரண்டாவது வழி, செவிலியர் செய்ய வேண்டிய வேலையைச் செவிலியர் அல்லாதவரிடமும் இன்னும் படிப்பை முடிக்காதவரிடமும் கொடுப்பது. சில மாதப் பயிற்சி பெற்ற உதவியாளர்களுக்கு வெள்ளைச் சீருடை மாட்டிவிட்டால் நோயாளியின் வீட்டாருக்கு வேறுபாடு தெரியாது. மருத்துவமனையோடு கல்லூரியும் நடத்துபவர்களுக்கு இன்னும் வசதி: கட்டணம் கட்டிப் படிக்கும் மாணவியே காலை மருந்தையும் கொடுத்து, படுக்கையையும் விரித்துவிடுவாள். மாணவர் வார்டில் கற்க வேண்டும் என்பதில் எனக்கு மாறுபட்ட கருத்து இல்லை. கற்றுக்கொடுக்க அருகில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஸ்டாஃப் நர்ஸின் இடம்தான் காலியாகவே வைக்கப்படுகிறது.

பெங்களூருவைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். நாட்டிலேயே செவிலியர் கல்லூரிகள் மிகுந்த மாநிலங்களில் கர்நாடகமும் ஒன்று. கேரளத்திலிருந்தும், வடகிழக்கிலிருந்தும், நம் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்தும் ஏஜென்ட் வழியாகப் பிள்ளைகள் இங்கே வருகிறார்கள். சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், லிங்கராஜபுரம் போன்ற பகுதிகளில் பிறந்து வளர்ந்த நம் பெண்களும், சுரங்கம் 2001-இல் மூடப்பட்ட பிறகு கோலார் தங்கவயலிலிருந்து நாள்தோறும் ரயிலேறி வரும் குடும்பங்களின் பிள்ளைகளும் இந்தப் படிப்பில் சேர்கிறார்கள். சேரும் நாளில் ஏஜென்ட் சொல்வது ஒன்றே: "படித்து முடிக்கும் முன்பே வேலை காத்திருக்கும்." அந்தச் சொல்லை நம்பி நிலத்தை அடகு வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

பெற்றோருக்கு ஒரு செய்தி. 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்தியச் செவிலியர் மன்றத்துக்குக் கல்லூரிகளை அங்கீகரிக்கும் அதிகாரம் உண்டா இல்லையா என்று இந்த மாநிலத்தில் பெரிய வழக்கே நடந்தது. மாநில அரசின் அனுமதியும் மாநில மன்றத்தின் அங்கீகாரமும் போதும் என்ற நிலைப்பாட்டைக் கர்நாடகம் எடுத்தபோது, வெளி மாநில மாணவர்கள் தங்கள் ஊர் மன்றத்தில் பதிவு கிடைக்குமா, வங்கி கல்விக் கடன் தருமா என்று 2017 வாக்கில் தவித்துப்போனார்கள். 2023-இல் தேசியச் செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. சட்டம் எதுவானாலும், முன்பணம் கட்டுவதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டியவை மாறவில்லை. கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா? அதில் உண்மையில் நோயாளிகள் படுத்திருக்கிறார்களா? கடந்த ஆண்டு முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குப் புகைப்படப் பலகையைக் காட்டினால் போதாது. அந்த மாணவிகளில் இருவரோடாவது பேசிவிட்டுப் பணம் கட்டுங்கள்.

படித்து முடித்தவருக்கு முதல் வாசலிலேயே ஒரு பூட்டு. அனுபவம் இருந்தால்தான் வேலை. வேலை இருந்தால்தான் அனுபவம். இந்தப் பூட்டுக்குச் சாவி தங்களிடம் இருப்பதாகச் சில மருத்துவமனைகள் சொல்லும். பயிற்சிச் செவிலியர் என்ற பெயரில் சேர்த்துக்கொண்டு, விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் போனால் மிஞ்சாத ஒரு தொகையைக் கொடுத்து, இரண்டு ஆண்டு விலக மாட்டேன் என்ற ஒப்பந்தப் பத்திரத்தை, அதாவது பாண்டை, எழுதி வாங்கி, அசல் சான்றிதழ்களையும் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொள்வார்கள். இடையில் விலகினால் பாண்டுத் தொகையைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அனுபவச் சான்றிதழ் கிடைக்காது. அசல் சான்றிதழ் இல்லாமல் வேறு மாநில மன்றத்தில் பதிவு மாற்ற முடியாது, அரசுத் தேர்வின் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போக முடியாது, வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. வேலை தேடும் உரிமையையே அடகு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது என்பேன்.

இதை எதிர்த்து யாரும் எழவில்லை என்று நினைக்காதீர்கள். 2011 அக்டோபரில் மும்பையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பணியாற்றிய கேரளச் செவிலியர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டதைத் தொடர்ந்து, பாண்டு முறையை எதிர்த்து அங்கே செவிலியர்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். அந்தக் கொந்தளிப்பு கேரளம் வரை பரவி, அங்கே தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கென்றே ஒரு சங்கம் உருவானது. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில், 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தனியார் மருத்துவமனைச் சம்பளத்தை ஆராயக் குழு அமைக்கச் சொன்னது. 200 படுக்கைக்கு மேல் உள்ள மருத்துவமனை அந்த மாநில அரசுச் செவிலியருக்கு இணையாகக் கொடுக்க வேண்டும். 100 படுக்கைக்கு மேல் இருந்தால் அதிகபட்சம் 10 விழுக்காடு குறையலாம், 50 முதல் 100 வரை என்றால் 25 விழுக்காடு குறையலாம். அதற்கும் சிறியதானாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. கேரளம் 2018 ஏப்ரலில் குறைந்தபட்ச அடிப்படை ஊதியத்தை 20,000 ரூபாயாக அறிவித்தது என்றால், அது பரிந்துரையின் வலிமையால் வந்ததில்லை. தெருவில் நின்றவர்களால் வந்தது. நம் நகரத்துச் செவிலியர்கள் பல மொழிக்காரர்கள், விடுதி விடுதியாகச் சிதறிக் கிடப்பவர்கள், இரண்டு ஆண்டில் வேறிடம் போய்விட நினைப்பவர்கள். இங்கே அப்படி ஒரு சங்கம் வேரூன்றாமல் போனதற்கு இவையே காரணம் என்று நினைக்கிறேன்.

அரசு வேலைக்கு வருவோம். கர்நாடக அரசுப் பணிக்குக் கன்னடம் வேண்டும். இங்கேயே பிறந்த நம் பிள்ளைகளுக்கு அது தடையாக இருக்கக் கூடாது, வீட்டில் தமிழும் வார்டில் கன்னடமும் பேசி வளர்ந்தவர்கள் அவர்கள். எழுதப் படிக்கக் கற்காதவர்கள் இன்றே கற்கத் தொடங்குங்கள். நிம்ஹான்ஸ், இ.எஸ்.ஐ., ரயில்வே, ராணுவ மருத்துவமனை என்று மத்திய அரசு சார்ந்த வழிகளும் உண்டு. எய்ம்ஸ் நிறுவனங்களுக்கு 2020 முதல் நார்செட் என்ற பொதுத் தேர்வு நடக்கிறது. ஆண் செவிலியர்கள் அங்கே 80:20 என்ற பங்கீட்டைக் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது. அதில் பெரும்பங்கு பெண்களுக்கு.

சொந்த ஊருக்கே திரும்பித் தமிழ்நாட்டு அரசுப் பணியில் சேரலாம் என்று எண்ணுவோர் உண்டு. 2012-இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-இல் தேர்வு நடத்தி ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களை எடுத்தது. போட்டித் தேர்வில் வென்று வந்தவர்களுக்கும் கிடைத்தது 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டில் பணி நிரந்தரம் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறாததால் 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறையின் தலைமை அலுவலகங்கள் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் கைக்குழந்தைகளோடு அவர்கள் உட்கார்ந்தார்கள். கொரோனா காலத்தில் அவசரமாகச் சேர்க்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஆம் நாளோடு முடிந்தது; புத்தாண்டை அவர்கள் போராட்டத்தில் தொடங்கினார்கள். கைதட்டி விளக்கேற்றிய காலம் அதற்குள் பழங்கதையாகியிருந்தது. கட்சி எதுவானாலும் இந்தக் கணக்கு ஒன்றுதான்: நிரந்தரப் பணியிடத்தை உருவாக்கினால் ஓய்வூதியம் வரை பொறுப்பு, ஒப்பந்தத்தில் எடுத்தால் தேதி போட்டு அனுப்பிவிடலாம்.

உள்ளூரில் வாசல் அடைபட்டால் கண் வெளிநாட்டுக்குப் போவது இயல்பு. 2014 ஜூலையில் ஈராக்கின் திக்ரித் நகரில் சிக்கி மீண்டு கொச்சியில் வந்து இறங்கிய 46 இந்தியச் செவிலியர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் கேரளத்தவர், கல்விக் கடனைத் தலையில் சுமந்துகொண்டு போனவர்கள். அடுத்த ஆண்டு, குவைத்துக்கு ஆள் எடுத்த ஒரு நிறுவனம், சட்டப்படி 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் 19.5 லட்சம் வாங்கியதை மத்தியப் புலனாய்வுத் துறை கண்டுபிடித்தது. குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குச் செல்லும் செவிலியர்களை அரசு முகமைகள் வழியாகவே அனுப்ப வேண்டும் என்று அதே 2015-இல் மத்திய அரசு ஆணையிட்டது. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட முகமை அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். பிரிட்டனுக்குப் போக ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வு, ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி என்று கோச்சிங் வகுப்புகள் இந்த நகரில் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கின்றன. பிரிட்டன் சில ஆண்டுகள் அள்ளி அள்ளி எடுத்தது. பிறகு வெளிநாட்டவர் சேர்க்கை அங்கே வெகுவாகச் சரிந்துவிட்டது. வகுப்புகளின் கட்டணம் மட்டும் சரியவில்லை.

ஆகவே நாம் எதைக் கேட்பது? வேலை கொடுங்கள் என்று பொதுவாகக் கேட்டால், பார்க்கலாம் என்று பொதுவாகப் பதில் வரும். நான் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் 2007-இலிருந்து இருக்கிறது. 2017-இல் அது திருத்தப்பட்டது. ஒவ்வொரு மாவட்டத்திலும் துணை ஆணையர் (தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியர் என்போமே, அவர்) தலைமையிலான குழுவிடம் மருத்துவமனைகள் பதிவு செய்ய வேண்டும், கட்டணங்களை மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். அதே பலகையில் இன்னொரு வரி சேரட்டும்: இந்தப் பணிமுறையில் இத்தனை நோயாளிகள், பதிவு பெற்ற செவிலியர் இத்தனை பேர். நோயாளியின் மகன் அதைப் படித்துவிட்டு, "என் அம்மாவின் வார்டில் ஏன் ஒரே சிஸ்டர்?" என்று கேட்பான். நாம் கேட்டால் சங்கம் சேர்க்கிறார்கள் என்பார்கள். பணம் கட்டுபவன் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். பதிவைப் புதுப்பிக்கும்போது அந்த எண்ணைச் சரிபார்த்தால், விதிமுறைக்கும் நடைமுறைக்கும் உள்ள இடைவெளி அத்தனையும் பணியிடங்களாக எழுதப்பட வேண்டிவரும். அரசு மருத்துவமனைகளுக்கும் இதே பலகையைக் கேட்போம். அவற்றை விட்டுவிட்டுத் தனியாரை மட்டும் கேட்பது நேர்மையில்லை.

இந்தக் கோரிக்கை மனு கன்னடத்தில் எழுதப்பட்டு வாசலருகே மேசையில் இருக்கிறது. கன்னடம் படிக்கத் தெரியாதவர்களுக்கு நம் மாணவிகள் படித்துப் பொருள் சொல்வார்கள். கையெழுத்தோடு உங்கள் செவிலியர் மன்றப் பதிவு எண்ணையும் எழுதுங்கள். வேலையில் இருப்பவர்கள் மருத்துவமனையின் பெயரை எழுத வேண்டாம். வார்டின் படுக்கை எண்ணிக்கையையும், கடைசியாகப் பார்த்த இரவுப் பணியில் உடன் இருந்தவர்களின் எண்ணிக்கையையும் மட்டும் குறித்தால் போதும். சான்றிதழ் மருத்துவமனையிடம் சிக்கியிருப்பவர்கள் அந்த மேசைக்கு அருகிலேயே என்னைத் தனியாகச் சந்தியுங்கள். பாண்டு எழுதியிருந்தால் அதன் நகலைக் கொண்டுவாருங்கள், வழக்கறிஞர் ஒருவரும் அங்கே இருப்பார்.