புதுக் கணினிக்கு எவ்வளவு மெமரி வேண்டும்?

யாழ்ப்பாண நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கணினி திருத்துவது என் தொழில். உயர்தரம் முடித்த பிள்ளை கம்பஸ் போகப்போகிறது, ஒரு லப்டொப் எடுக்க வேண்டும் என்று வருகிற பெற்றோரோடுதான் எனக்கு நாளும் பொழுதும் கதை. முதலில் விலையைக் கேட்பார்கள். அடுத்தது, "எத்தனை ஜீபி?" இந்த இரண்டாவது கேள்வியில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள், ஏனென்றால் லப்டொப்பில் இரண்டு வகை ஜீபி இருக்கிறது. 256, 512 என்று பெரிதாக எழுதியிருப்பது படங்களும் பாடக் குறிப்புகளும் கிடக்கிற சேமிப்பு. 8, 16 என்று சின்னதாக இருப்பதுதான் மெமரி. கடையில் ராம் என்பார்கள்.

நெல் காயவிடுவதை நினைத்துப் பாருங்கள். மூட்டைகள் அறைக்குள் அடுக்கியிருக்கும். காயவேண்டுமென்றால் முற்றத்தில் பாய் விரித்துப் பரவ வேண்டும். அறைதான் சேமிப்பு, பாய்தான் மெமரி. பாய் சிறிதென்றால் ஒரு மூட்டையை அள்ளிக் கட்டி உள்ளே வைத்த பிறகுதான் அடுத்ததைக் கொட்டலாம். மெமரி நிரம்பினால் கணினியும் கொஞ்சத்தை அள்ளிச் சேமிப்பில் வைக்கும், தேவைப்பட்டால் மறுபடி கொண்டுவரும். அந்த அள்ளலும் கொட்டலும்தான் நீங்கள் காண்கிற தாமதம். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் கர்கர் என்று சத்தமே கேட்கும். எஸ்எஸ்டி என்கிற புதுவகைச் சேமிப்பு பூட்டியிருந்தால் வேலை கெதியாக நடக்கும், ஆனாலும் மெமரியின் வேகம் அதற்கு வராது.

சரி, எவ்வளவு எடுப்பது? வின்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜீபி வேண்டும் என்கிறது மைக்ரோசொப்ட். அது படலையைத் திறந்து உள்ளே விடுகிற அளவு மட்டும். கடிதம் அடிக்க, பாங்க் வேலை பார்க்க, கனடாவில் இருக்கிற பிள்ளைகளோடு வீடியோவில் கதைக்க 8 போதும். கம்பஸ் பிள்ளைக்கு 16 எடுங்கள். சூம் வகுப்பு ஒருபக்கம் ஓடும், குரோமில் 20 பக்கம் திறந்து கிடக்கும், இடையில் வேர்டில் கட்டுரை. தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாத லப்டொப்பில் திரைக்குப் படம் காட்டவும் இதே மெமரியிலிருந்துதான் ஒரு பங்கு போகும். கலியாண வீடு, சாமத்திய வீடு என்று 4கே வீடியோ எடிட் பண்ணுகிற தம்பிமார் 32க்குக் குறைய யோசிக்க வேண்டாம். மற்ற ஆட்களுக்கு 32 போட்டால் பாயில் பாதி சும்மா கிடக்கும், வேகம் கூடாது.

இனிச் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். போன வருசம் கோண்டாவிலில் இருந்து ஒரு அம்மா மகளோடு வந்தார். சீட்டுக் காசில் எடுத்த லப்டொப், 8 மாதம்கூட ஆகவில்லை. வகுப்பு நடக்கும்போதே படம் உறைந்துபோகிறது என்றாள் பிள்ளை. பார்த்தால் மெமரி 4 ஜீபி, 90 சதவீதத்துக்கு மேல் நிரம்பி நிற்கிறது. "இன்னொரு மெமரித் துண்டு போட்டால் சரி அக்கா, பயப்படாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டே பின்மூடியைக் கழற்றினேன். துண்டு செருகுகிற இடமே இல்லை. கறுப்புச் சில்லுகளைப் போர்டோடு ஈயம் வைத்து ஒட்டியிருந்தது. "இப்ப என்ன தம்பி செய்யிறது?" என்று அவர் கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. விற்றவர்கள் சொல்லவில்லை, இவர்களுக்குக் கேட்கத் தெரியாது. அது எனக்கு இன்றைக்கும் மனதில் கிடந்து அரிக்கிறது. கடைசியில் வின்டோஸை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகப் பாரமில்லாத லினக்ஸ் ஒன்று போட்டுக் கொடுத்தேன். வகுப்பு ஓடுகிறது, ஆனால் அவளுடைய பாடத்துக்கு வேண்டிய ஒரு மென்பொருள் அதில் ஓடாது.

அதனால் கடையில் கேளுங்கள்: மெமரி ஒட்டினதா, ஸ்லொட்டில், அதாவது துண்டு செருகுகிற இடத்தில் போட்டதா? எத்தனை ஸ்லொட், எத்தனை காலி? மெல்லிய லப்டொப் பலதில் ஒட்டித்தான் வரும். ஆப்பிளின் எம் வரிசை மக்புக் எதிலும் பிறகு கூட்ட முடியாது. அப்படியானதை எடுத்தால் படிப்பு முடியும்வரை யோசித்து முதலிலேயே 16 எடுங்கள். ஸ்லொட் காலியாக இருந்தால் இன்றைக்கு 8, காசு வரும்போது இன்னொரு 8. இரண்டு துண்டுகள் சேர்ந்து வேலை செய்வதும் நல்லதுதான். ஆனால் அதே வகையாக இருக்க வேண்டும்: டிடிஆர் 4 துண்டின் வெட்டு ஒரு இடத்தில், டிடிஆர் 5இல் வேறு இடத்தில். மாறிச் செருகவே முடியாது.

வீட்டில் ஏற்கெனவே ஒரு வின்டோஸ் கணினி இருந்தால், பேனையும் கடதாசியும் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான வேலையெல்லாம் திறந்து வைத்துவிட்டு, கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வருகிற பெட்டியில் பெர்போமன்ஸ், அதற்குள் மெமரி. எவ்வளவு பயன்படுகிறது என்று அங்கே இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். ஸ்லொட் கணக்கும் காட்டும். ஒட்டின மெமரியையும் சிலவேளை ஸ்லொட் என்றே காட்டும், ஆகவே அதை மட்டும் நம்பாமல் மொடல் இலக்கத்தையும் எழுதுங்கள்.

அந்தக் கடதாசியைக் கடைக்குக் கொண்டுபோங்கள். புதிதாக எடுக்கிறபோது மெமரி எவ்வளவு, என்ன வகை, ஸ்லொட் எத்தனை என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள். வணக்கம்.