ஏறின உடனே இன்ஜின் நின்னா ஏன் திரும்பக்கூடாது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

பட்டர்வொர்த்லேர்ந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க. அப்படியே படிக்கிறேன். "மகன் சின்ன விமானம் ஓட்டப் பழகப் போறான். பினாங்கு பாயான் லெப்பாஸ் ஏர்போர்ட்ல ஏறின உடனே இன்ஜின் நின்னுடுச்சுன்னா, ரன்வே பின்னாடியே இருக்கே, சட்டுனு திரும்பி இறங்கிட வேண்டியதுதானே? திரும்பாதேன்னு ஏன் சொல்லிக் கொடுக்கிறாங்க? இவ்வளவு செக் பண்ணியும் இன்ஜின் எப்படி நிக்குது? நான் பக்கத்துல உட்கார்ந்து போனா என்ன செய்யணும்?"

முதல் கேள்விக்குத்தான் ரொம்ப நேரம் எடுக்கும். செஸ்னா 172எஸ்ஸை வச்சுச் சொல்றேன், பழகுறவங்க நிறைய ஓட்டுறது அந்தக் குடும்பம்தான். வேற விமானம்னா நம்பர் மாறும், அந்தந்த விமானத்தோட கையேட்டைத்தான் பார்க்கணும்.

கெந்திங் மலைப்பாதையில மோட்டார்ல ஏறிக்கிட்டிருக்கீங்க, திடீர்னு த்ராட்டிலை விட்டுட்டா என்ன ஆகும்? வண்டி உடனே இழுத்துப் பிடிச்ச மாதிரி தொய்ஞ்சுடும் இல்லையா. விமானமும் அப்படித்தான். 74 நாட் (மணிக்கு 137 கிலோமீட்டர்) வேகத்துல மூக்கைத் தூக்கி ஏறிக்கிட்டிருக்கும்போது இன்ஜின் நின்னா, மூக்கு அதே நிலையில இருக்கிற வரைக்கும் வினாடிக்கு மூணு, நாலு நாட் வேகம் கரைஞ்சுக்கிட்டே போகும். மனுஷனுக்கு "என்ன ஆச்சு"ன்னு உறைக்கவே நாலு வினாடி ஆகும்னு கணக்கு வச்சுக்கங்க. அதுக்குள்ள 74 வந்து 60 ஆகிடும். ஃப்ளாப் (றெக்கையோட பின் ஓரத்துல கீழே இறங்குற மடல்) போடாம நேரா போற 172எஸ் 48 நாட்ல ஸ்டால் ஆகும், அதாவது றெக்கைக்குத் தூக்குற சக்தி போயிடும். அதனால வேற எதுக்கும் முன்னாடி செய்யவேண்டியது ஒண்ணுதான், யோக்கை (ஸ்டியரிங் மாதிரி இருக்கிற கைப்பிடியை) முன்னாடி தள்ளி மூக்கை இறக்கணும். "கொஞ்சமா" தள்ளினா பத்தாது. கண்ணாடி முழுக்கத் தரை தெரியுற மாதிரி இருக்கும், வயிறு கலக்கும், பரவாயில்லை. 70 நாட்டைப் பிடிச்சு வச்சுக்கணும், ஃப்ளாப் போட்ட பிறகு 65.

இப்போ திரும்புறதுக்கு வருவோம். திரும்புறதுன்னா 180 டிகிரின்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க. அரை வட்டம் அடிச்சு முடிச்சா ரன்வேக்குப் பக்கத்துல, அதுக்கு இணையா இருப்பீங்க, ரன்வே மேல இருக்க மாட்டீங்க. அதை நோக்கி இன்னும் 45 டிகிரி, அப்புறம் நேராக்க எதிர்ப்பக்கம் 45. மொத்தம் 270. வகுப்புல பழகின மாதிரி வினாடிக்கு 3 டிகிரின்னு மெதுவா திரும்பினா, முதல் 225 டிகிரிக்கே 75 வினாடி ஓடிடும். இன்ஜின் இல்லாம 172 நிமிஷத்துக்கு 700 அடி கிட்ட இறங்கும். 75 வினாடிக்கு 875 அடி. இன்ஜின் நின்னதோ 400 அடியிலன்னு வைங்க.

சரி, வேகமா திரும்புறேன்னு 45 டிகிரி சாய்ச்சா? திருப்பம் சீக்கிரம் முடியும், 270 டிகிரிக்கு 16 வினாடி போல. ஆனா சாய்ச்ச றெக்கை அதிக பாரம் தாங்கணும். 45 டிகிரியில ஸ்டால் வேகம் 48லேர்ந்து 57க்கு ஏறிடும். 60 டிகிரி சாய்ச்சா 68. நீங்க பறந்துக்கிட்டிருக்கிற வேகமே அதானே! இறங்குற வேகமும் கூடும். திரும்புறதுக்கு மட்டும் 300, 400 அடி போயிடும், அதுக்கு முன்னாடி யோசிச்ச நாலு வினாடி, அதுக்கு அப்புறம் ரன்வே வரைக்கும் மிதந்து போற தூரம் எல்லாம் தனி.

இதுல ஒரு விஷயத்தைக் கிட்டத்துல பார்க்கணும், உயிர் போறது பெரும்பாலும் இங்கதான். பைலட் திரும்புறான், ரன்வே இன்னும் கண்ணாடியில வரலை, தரை கிட்ட வருது. சாய்ச்சது போதும்னு பயம், ஆனா மூக்கு இன்னும் வேகமா சுத்தி வரணும்னு ஆசை. கால் தன்னால உள்பக்க ரடர் பெடலை (வால்ல இருக்கிற சுக்கானைத் திருப்புறதை) மிதிக்கும். மூக்கு தொங்குது, கை தன்னால யோக்கை இழுக்கும். கீழ்ப்பக்க றெக்கை முதல்ல ஸ்டால் ஆகி, விமானம் அந்தப் பக்கமா புரண்டு ஸ்பின்ல, அதாவது பம்பரம் மாதிரி சுத்திக்கிட்டே விழும். 172ல ஒரு சுத்து ஸ்பின் ஆகி மீண்டு வர 1000 அடி போல வேணும். 300 அடியில அதுக்கு மருந்தே கிடையாது.

காத்தும் இருக்கு. எதிர்காத்துலதானே ஏறினோம், திரும்பினா அது முதுகுக்காத்து. 10 நாட் காத்துன்னு வைங்க. 65ல நேரா இறங்கினா தரை மேல உங்க வேகம் 55. திரும்பி இறங்கினா 75. மோதலோட பலம் வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதனால அது 1.86 மடங்கு, கிட்டத்தட்ட ரெண்டு பங்கு. இன்னொரு ஏமாத்து வேலையும் நடக்கும். கீழே வீடும் மரமும் வேகமா ஓடுறதைப் பார்த்து "வேகம் ஜாஸ்தியா இருக்கு"ன்னு மூளை நம்பிடும், கை இழுத்துடும். காத்துல வேகம் அதேதான் இருக்கு, இல்லை குறைஞ்சுக்கிட்டிருக்கு. வேகமுள்ளைப் பார்க்காம தரையைப் பார்த்தா இந்தக் கதிதான்.

அக்காவோட கேள்விக்கு நான் கொடுக்கிற உண்மையான பதில் இனிமேதான் வருது. பாயான் லெப்பாஸ் ரன்வே 3352 மீட்டர், சுபாங் 3780. ஜெட்டுக்குப் போட்ட ரன்வே. நம்ம ஊரு 32 டிகிரி வெயில்ல காத்து இளகிப் போய், கடல் மட்டத்துல நிக்கிற விமானம் 2000 அடி உயரத்துல இருக்கிற மாதிரி நடந்துக்கும். அப்படி இருந்தும் 172 350 மீட்டர்லயே தரையை விட்டுடும். நிமிஷத்துக்கு 650 அடி ஏறினா, 300 அடியைத் தொடும்போது ரன்வேல 1500 மீட்டர்தான் முடிஞ்சிருக்கும். முன்னாடி இன்னும் 1800 மீட்டருக்கு மேல இருக்கு. 300 அடியிலேர்ந்து 172 மிதந்து போற தூரம் 800 மீட்டர் சொச்சம். ஆக, இன்ஜின் நின்னா மூக்கை இறக்கு, நேரா அதே ரன்வேல உட்காரு. திரும்புற பேச்சே இல்லை.

ஆனா ஒரு நிபந்தனை. ரன்வேயோட ஆரம்பத்துலேர்ந்து ஏறியிருக்கணும். டாக்ஸி தூரம் (தரையில உருட்டிப் போற தூரம்) மிச்சம், அஞ்சு நிமிஷ விமான வாடகை மிச்சம்னு நடுச்சந்தியிலேர்ந்து ஏறினா, அந்த 1800 மீட்டரைத் தூக்கிக் கொடுத்துட்டு வர்றீங்க. டவர் நடுவுலேர்ந்து ஏறச் சொன்னாக்கூட முழு நீளம் வேணும்னு பணிவா கேட்கலாம், தப்பே இல்லை. மகன்கிட்ட இதை ஒண்ணை மட்டும் சொன்னாக்கூடப் போதும். அதே மாதிரி, இன்ஜின் நல்லா ஓடினாலும், முன்னாடி ரன்வே இருக்கும்போதே 400 அடியில அவசரமா வேற பக்கம் திரும்பிப் போறதும் வேண்டாம்.

ரன்வே முடிஞ்ச பிறகு நின்னா? கண்ணாடிக்கு நேரா இருக்கிறதுல, ரெண்டு பக்கமும் 30 டிகிரிக்குள்ள, எது மென்மையோ அது. பாயான் லெப்பாஸ் ரன்வேல 22 பக்கம் (தென்மேற்கா) ஏறினா கொஞ்ச தூரத்துல கடல். 04 பக்கம் (வடகிழக்கா) ஏறினா தொழிற்பேட்டை, வலப்பக்கம் கடல். சுபாங்ல 15 பக்கம் கிளன்மேரி, சுபாங் ஜெயா, 33 பக்கம் சுங்கை பூலோ, எங்க பார்த்தாலும் கட்டடம். அங்க திடல், கார் பார்க், ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல இருக்கிற சந்து, எது கிடைச்சாலும் சரி. விமானத்தைக் காப்பாத்த நினைக்கவே கூடாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துல தரை தொட்டு, சீரா 3 மீட்டர் தூரத்துல நின்னாலே உடம்புக்கு விழுற அடி 9 ஜிக்குள்ள (நம்ம எடையைப் போல ஒன்பது மடங்குக்குள்ள) இருக்கும், பெல்ட் இறுக்கமா இருந்தா மனுஷன் தாங்குற அளவு அது. அதே 160ல போனா 11 மீட்டருக்கு மேல வேணும். அதனாலதான் ரெண்டு மரத்துக்கு நடுவுல விட்டு றெக்கையைப் பறிகொடுக்கிறது நல்ல முடிவு. றெக்கை பிய்யும்போது வேகத்தைத் தின்னுட்டுப் போகுது.

இறங்குறது உறுதின்னா கை போற வரிசை: மிக்ஸ்சரை (எரிபொருள்-காத்து கலவைக் குமிழை) முழுசா இழு, சிவப்பு எரிபொருள் குமிழை இழு, சாவியை ஆஃப், ஃப்ளாப் 30 வரைக்கும், அது மின்சாரத்துல ஓடுறதால அப்புறம்தான் மாஸ்டர் ஸ்விட்ச் ஆஃப், கதவுத் தாழைத் திற. தரை தொடும்போது கதவுச் சட்டம் நெளிஞ்சா கதவு சிக்கிக்கும், அதுக்குத்தான். திரும்ப ஸ்டார்ட் பண்றதைப் பத்திக் கேட்பீங்க. 500 அடிக்குக் கீழே அதுல தலையை விட்டுட்டு வேகத்தைக் கோட்டை விடாதீங்க. ரேடியோவுல "மேடே"ன்னு ஆபத்து அழைப்பு சொல்றதும் அப்படித்தான், கை சும்மா இருந்தா சொல்லுங்க.

முழுசா நிக்காம பாதி சக்தியோட இழுக்கிற இன்ஜின் இருக்கே, அது இன்னும் மோசமான ஆசைகாட்டி. "ஓடுது, ரன்வேயைச் சுத்தி ஒரு சர்க்யூட் வந்துடலாம்"னு இழுத்துக்கிட்டே போய், வேகமும் உயரமும் இல்லாத இடத்துல கைவிடும். உயரத்தைக் காப்பாத்த முடியலைன்னா நின்னுபோச்சுன்னே வச்சுக்கணும்.

அடுத்து, எப்படி நிக்குதுன்னு கேட்டீங்க. அதிகம் பேசப்படாத காரணம் எரிபொருள் குழாய். செலக்டர் (எந்த டேங்க்லேர்ந்து எரிபொருள் வரணும்னு திருப்புற குமிழ்) மூடியே இருந்தாலும், குழாயிலயும் கார்புரேட்டர்லயும் மிச்சம் இருக்கிறதை வச்சு ஸ்டார்ட் ஆகும், டாக்ஸி போகும், சில சமயம் தரையைக்கூட விட்டுடும். முழு த்ராட்டில்ல அது மளமளன்னு தீர்ந்து, ரன்வேயோட கடைசியில நிக்கும். செஸ்னாவுல செலக்டர் "ரெண்டும்"ங்கிற இடத்துல இருக்கான்னு விரலை வச்சுப் பார்க்கணும். பைப்பர் வாரியர்ல அந்த வசதி கிடையாது, இடது இல்லைன்னா வலது, மாத்தினா உடனே ஏறாம கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்க்கணும்.

தண்ணி. பினாங்குல சாயங்கால மழைக்கு வெளியில நிக்கிற விமானம், வெயில்ல காஞ்சு இறுகிப் போன டேங்க் மூடி ரப்பர், அது வழியா மழைத்தண்ணி உள்ள இறங்கிடும். தண்ணி கனமானது, டேங்க் அடியில போய் உட்கார்ந்துக்கும், மூக்கு தூக்கினதும் நகர்ந்து வரும். 172எஸ்ல வடிக்கிற துளை 13 இருக்கு, றெக்கைக்கு அஞ்சு அஞ்சு, வயித்துக்கு அடியில மூணு. சோம்பல்பட்டு மூணு நாலு மட்டும் பார்த்துட்டு ஏறுறது தப்பு. விமானப் பெட்ரோல், அதாவது அவ்கேஸ் 100எல்எல், நீல நிறம். கப்புல அடியில கண்ணாடிக் குமிழ் மாதிரி நின்னா தண்ணி. கப்பு முழுக்கத் தண்ணியா இருந்தா கோடே தெரியாது, "சுத்தமா இருக்கே"ன்னு தோணும். அதனால வெள்ளைச் சுவர் பக்கத்துல பிடிச்சு நீலம் தெரியுதான்னு பாருங்க, மோந்து பாருங்க. தண்ணி வந்தா திரும்பத் திரும்ப வடிக்கணும், றெக்கையை மெல்ல ஆட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவை வடிக்கணும். அப்பவும் வந்தா அன்னிக்குப் பறக்க வேண்டாம்.

ஐஸ் கட்டுமான்னு சிரிக்காதீங்க. கார்புரேட்டர் உள்ள வேகமா போற காத்தும் ஆவியாகுற பெட்ரோலும் சேர்ந்து வெப்பத்தை 30 டிகிரிக்கும் மேல இறக்கும். வெளியில 30 டிகிரி, புழுக்கம் 80 சதவீதத்துக்கு மேலன்னா, உள்ள ஐஸ் கட்ட வாய்ப்பு இருக்கு. ஏடிஆர் (ப்ரொப்பெல்லர் வச்ச பயணிகள் விமானம்) பின்னாடி வரிசையில இன்ஜினைக் குறைஞ்ச சுத்துல ஓடவிட்டுக் காத்துக்கிட்டு நின்னா அதுக்குத் தோதான நேரம். ஏறுறதுக்கு முன்னாடி கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காத்து விடுற குமிழை) இழுத்துப் பாருங்க. இன்ஜின் சுத்து குறையணும். குறைஞ்சுட்டுத் தானா ஏறினா, ஐஸ் இருந்து உருகுதுன்னு அர்த்தம். 172எஸ் இன்ஜெக்‌ஷன், அதுல கார்புரேட்டரே கிடையாது, அதுக்கு இந்தத் தொல்லை இல்லை. பழைய 172, 152, வாரியருக்கு உண்டு.

மேக்னெட்டோவை (இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கிற கருவி, ரெண்டு இருக்கும்) நிமிஷத்துக்கு 1800 சுத்துல ஒண்ணொண்ணா ஆஃப் பண்ணிப் பார்க்கும்போது 150 சுத்துக்கு மேல இறங்கக்கூடாது, ரெண்டுக்கும் வித்தியாசம் 50க்கு மேல போகக்கூடாது. சுத்தமா இறங்கவே இல்லைன்னா சந்தோஷப்படாதீங்க, ஒரு ஒயர் அறுந்து மேக்னெட்டோ ஆஃப் ஆகாம இருக்கலாம். ரன்வேல முழு த்ராட்டில் போட்டதும் 2300 சுத்து வரணும், எண்ணெய் அழுத்தம் பச்சையில இருக்கணும், வேகமுள் நகரணும். ஒண்ணு குறைஞ்சாலும் த்ராட்டிலை மூடு, பிரேக்கைப் பிடி. 3 கிலோமீட்டர் ரன்வேல இதுக்குத் தயங்கவே வேண்டாம்.

கடைசியா, பக்கத்துல உட்கார்ற அக்காவுக்கு. ஏறுறதுக்கு முன்னாடி சீட்டை ரெண்டு கையாலயும் முன்ன பின்ன தள்ளிப் பாருங்க. செஸ்னா சீட் தண்டவாளத்துல பின் சரியா விழாம ஏறும்போது பின்னாடி சறுக்கினதால விபத்தே நடந்திருக்கு. மகன் சீட்டையும் பார்க்கச் சொல்லுங்க. 1000 அடி வரைக்கும் பேச்சுக் கொடுக்காதீங்க. முன்னாடி இருக்கிற யோக்கைத் தொடாதீங்க, கால் பெடல் மேல வேண்டாம். இன்ஜின் நின்னா தோள் பெல்ட்டை இறுக்குங்க, மூக்குக்கண்ணாடியைக் கழட்டுங்க, சொன்னதும் கதவுத் தாழைத் திறங்க. பாயான் லெப்பாஸ்ல ஏறுறதால லைஃப் ஜாக்கெட்டை சீட்டுக்கு அடியில வைக்காம போட்டுக்கிட்டே உட்காருங்க. தண்ணியில இறங்கினா சக்கரம் மாட்டி விமானம் குப்புறப் புரளலாம், உள்ள தலைகீழா இருப்பீங்க. ஒரு கை கதவு ஓரத்தைப் பிடிச்சிருக்கட்டும், அப்பதான் எந்தப் பக்கம் வெளியன்னு தெரியும். இன்னொரு கையால பெல்ட்டைக் கழட்டுங்க. ஜாக்கெட்டோட கயித்தை விமானத்துக்கு வெளியில வந்த பிறகுதான் இழுக்கணும். உள்ளயே ஊதிட்டா அது உங்களைக் கேபினோட மேல்பக்கத்துல ஒட்ட வச்சுடும், கதவு வழியா முங்கி வெளியே வர விடாது.