ஆலிவ் ஆயில் தொண்டையில கமறுதா? அதுதான் நல்ல எண்ணெய்

வணக்கம் மக்களே. இந்தச் சின்ன டம்ளர்ல ஒரு டேபிள்ஸ்பூன் எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் ஆயில் இருக்கு, 15 மில்லி. ஒரு கையால அடியைப் பிடிச்சு, இன்னொரு கையால வாயை மூடி, உள்ளங்கைச் சூட்டுலயே வெதுவெதுப்பாக்கறேன். இப்ப ஒரு வாய், காத்தையும் சேர்த்து உறிஞ்சி... முழுங்கியாச்சு. (இருமல்) பாத்தீங்களா! நாக்குல கசப்பு மட்டும்தான். முழுங்கின பிறகுதான் அடித்தொண்டையில மிளகு ரசம் குடிச்ச மாதிரி கமறுது.

கெட்டுப்போன எண்ணெய்னு நினைச்சு இதைக் கொட்டிடாதீங்க. கமறலுக்குக் காரணம் இந்த எண்ணெய்ல இயல்பாவே இருக்கற ஓலியோகாந்தால்ங்கற பொருள். ஐபுப்ரோஃபென்ங்கற வலி மருந்தும் இதே இடத்துல இதே மாதிரிதான் கமறும். ரெண்டுமே வீக்கத்தைத் தூண்டற காக்ஸ் என்சைம்களைத் தடுக்குதுன்னு அமெரிக்காவுல மோனெல் ஆய்வு மையத்தோட கேரி பியூசாம்ப் குழு 2005ல நேச்சர் இதழ்ல எழுதினாங்க. அதுக்காக வலி மாத்திரைக்குப் பதிலா இதைக் குடிக்காதீங்க. அவங்க கணக்குலயே 50 கிராம் எண்ணெய்க்கு ஒரு டோஸ்ல பத்துல ஒரு பங்குதான் வருது.

எனக்கு முக்கியமாப் படறது இதே எண்ணெய்ல இருக்கற இன்னொரு பொருள், ஹைட்ராக்ஸிடைரோசால். இந்த ரெண்டு பொருளுமே பாலிஃபீனால்ங்கற வகையைச் சேர்ந்தது. கெட்ட கொழுப்பான எல்டிஎல் ஆக்ஸிடைஸ் ஆனா ரத்தக்குழாய்ச் சுவர்ல சுலபமாப் படியும். அதைத் தடுக்க இது உதவுது. இப்படி லேபிள்ல போட ஐரோப்பிய யூனியன் 2012ல அனுமதி கொடுத்துச்சு. ஆனா 20 கிராம் எண்ணெய்ல இதுவும் இதோட சேர்மங்களும் 5 மில்லிகிராமாவது இருக்கணும். ஐரோப்பாவுல நடந்த யூரோலிவ் ஆய்வுல 200 ஆண்களுக்கு, பாலிஃபீனால் அளவு வேற வேறயா இருந்த ஆலிவ் ஆயிலை தினம் 25 மில்லி, மூணு வாரம் கொடுத்தாங்க. பாலிஃபீனால் கூடக்கூட ஆக்ஸிடைஸ் ஆன எல்டிஎல் குறைஞ்சுது. இது ரத்தப் பரிசோதனையில தெரிஞ்ச மாற்றம். மாரடைப்பு குறைஞ்சுதுன்னு இந்த ஆய்வு சொல்லல.

இப்ப ரெண்டாவது டம்ளர், 'லைட்' ஆலிவ் ஆயில், அதாவது ரீஃபைன் பண்ணினது. ம்ஹும், கசப்பும் இல்ல, கமறலும் இல்ல. ரீஃபைன் பண்றப்பவே இந்தச் சத்தெல்லாம் போயிடுது. ஆலிவை ஆட்டின பிறகு மிஞ்சற சக்கையில இருந்து எடுக்கற போமேஸ் எண்ணெயும் அப்படித்தான்.

வாங்கறப்ப எக்ஸ்பைரியை விட அறுவடைத் தேதியைத் தேடுங்க. காய் பச்சையா இருக்கறப்பவே பறிச்சு ஆட்டினதுல பாலிஃபீனால் அதிகம். கொரோனெய்க்கி, பிக்குவல், கொரட்டீனா ரகங்கள் நல்லாவே கமறும், ஆர்பெக்கினா சாது. 'அமிலத்தன்மை 0.8-க்குக் கீழ'ன்னு போட்டிருக்கறதை வச்சு பாலிஃபீனால் அளவைச் சொல்ல முடியாது.

பெரிய டின் வேண்டாம். பாதி காலியானதும் உள்ள காத்து நிறைஞ்சு, நாளாக நாளாக சிக்கு வாடை வந்துடும். அரை லிட்டர் கறுப்பு பாட்டில் வாங்கி, அடுப்புப் பக்கம் வைக்காம ரெண்டு மாசத்துல தீர்த்துடுங்க. தாளிக்கலாம், தப்பில்ல, ஆனா சூட்டுல பாலிஃபீனால் கொஞ்சம் குறையும். அதனால அடுப்பை அணைச்சதும் சுண்டல் மேலயோ பருப்பு மேலயோ ஊத்துங்க. 20 கிராமுக்கு 180 கலோரி வருது, அந்த அளவுக்கு வேற எண்ணெயைக் குறைச்சுக்கோங்க.