காற்று நிற்கிற மாதத்துக்கு என்ன வழி?

(ஆரல்வாய்மொழியில் ஆடி மாத ஞாயிறு ஒன்றில், வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மைக்கில் உஸ்ஸென்று ஒரு சத்தம் வருகிறது பாருங்கள், அது மைக்கின் கோளாறு இல்லை. நம்ம ஊர்க் காற்று. ஜன்னலைச் சாத்த வேண்டாம், இன்றைக்குப் பேச்சே அதைப் பற்றித்தான்.

மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று நம்முடைய கணவாய்க்குள் புகுந்து, நெருக்கிக்கொண்டு கிழக்கே பாய்கிறது. அதனால்தான் முப்பந்தலைச் சுற்றி எங்கே திரும்பினாலும் காற்றாடி. இந்த வட்டாரத்தில் மட்டும் சுமார் 1,500 மெகாவாட். தமிழ்நாடு முழுக்க 11,000-க்கும் மேல்.

நான் இந்தப் பக்கம் சப்ஸ்டேஷனில் ஷிப்ட் பார்த்தவன். ஓர் ஆடி மாத ராத்திரி இன்னும் கண்ணில் நிற்கிறது. மணி இரண்டு இருக்கும். ஊரே தூங்குகிறது, காற்று மட்டும் தூங்கவில்லை. பேனலில் அலைவெண் 50-ஐத் தாண்டி 50.3-க்கு ஏறுகிறது. உற்பத்தி அதிகம், செலவு குறைவு என்று அர்த்தம். போன் அடித்தது. "காற்றாலை ஃபீடர் ரெண்டை எடுங்க." காற்றாடிகளிலிருந்து மின்சாரம் வருகிற பாதையைத் துண்டிக்கச் சொல்கிறார்கள். எடுத்தேன். பிரேக்கர் டப்பென்று விழுந்தது. வெளியே வந்து நின்றால் காற்று சட்டையைப் பிய்க்கிறது. எதிரே வரிசையாக நின்ற காற்றாடிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்து நின்றுவிட்டன. அதே நேரம் தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்துகொண்டுதான் இருந்தது. ஒடிசாவில் வெட்டி, ரயிலேறி பாரதீப் துறைமுகம் வந்து, கப்பலேறி தூத்துக்குடிக்கு வருகிற நிலக்கரி அது. வாசலில் சும்மா வருகிற காற்றைத் திருப்பி அனுப்பிவிட்டு அதை எரிக்கிறோமே என்று எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அந்தக் கோபத்தில் பாதி நியாயம், பாதி அறியாமை. பாய்லர் என்பது கேஸ் அடுப்பு இல்லை, திருகினால் அணைந்து திருகினால் எரிவதற்கு. ஆறிப்போன பாய்லரைச் சூடாக்கி மின்சாரம் எடுக்க அரை நாளுக்கு மேலும் ஆகும். ராத்திரி இரண்டு மணிக்கு அணைத்தால் காலையில் ஊருக்குக் கரண்டு இருக்காது. அதனால் தாழ்ந்த சுமையில் ஓட்டிக்கொண்டே இருக்கவேண்டும். அந்தத் தாழ்ந்த அளவே நம் நாட்டில் மொத்தத் திறனில் 55 சதவீதம். அதை 40-க்கு இறக்கலாம் என்கிறார்கள். இறக்கினால் அந்த இடைவெளியில் நம்ம ஊர்க் காற்று போய் உட்காரலாம். ஆனால் ஏற்றி இறக்கி ஓட்டினால் குழாய்கள் சீக்கிரம் தேயும், யூனிட்டுக்கு நிலக்கரியும் கூடுதலாகச் செலவாகும். அந்தப் பணத்தை யார் தருவது? சண்டை அங்கேதான்.

சரி, ஆடியை விடுங்கள். ஐப்பசிக்கு வாருங்கள். காற்று நின்றுவிடும். 2012-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையைத் தவிர மற்ற ஊர்களில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம், அதற்கு மேலும் கரண்டு கட். வடக்கே எங்கேயாவது மிச்சம் இருந்தாலும் வேண்டிய அளவுக்குக் கொண்டுவர வழி போதவில்லை. தென்மாநில மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதியோடு முழுசாகச் சேர்ந்தது 2013 டிசம்பர் 31-ம் தேதிதான், ரெய்ச்சூர்–சோலாப்பூர் உயர் அழுத்த மின் கம்பி வந்தபிறகு. என்னைக் கேட்டால், காற்றாலைக்கு அந்தக் கம்பி செய்த உதவியை எந்த மாநாடும் செய்யவில்லை.

இந்தியாவில் நிறுவப்பட்ட மின் திறனில் பாதி நிலக்கரி, எரிவாயு அல்லாதது என்று 2025-ல் அறிவித்தார்கள். உண்மை. 2024-25-ல் நாம் வெட்டிய நிலக்கரி 100 கோடி டன்னைத் தாண்டியது. அதுவும் உண்மை. உற்பத்தியாகிற யூனிட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்துதான். கடையில் எத்தனை தோசைக்கல் கிடக்கிறது என்பது ஒரு கணக்கு, எத்தனை தோசை சுட்டோம் என்பது வேறு கணக்கு. சூரியத் தகட்டுக்கு ராத்திரி வேலை இல்லை, காற்றாடிக்கு ஐப்பசியில் வேலை இல்லை. மெகாவாட்டை மட்டும் சொல்லிப் பெருமைப்படுகிறவர்களைப் பார்த்தால், சாயங்காலம் ஏழு மணிக்கு எவ்வளவு வரும் என்று கேளுங்கள்.

பணக்கார நாடுகளில் மின் தேவை பல வருஷம் பெரிதாக ஏறவில்லை. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் போதும். இங்கே இப்போதுதான் ஒரு வீட்டில் முதல் ஃபிரிட்ஜ் வாங்குகிறார்கள். மாற்றவும் வேண்டும், கூட்டவும் வேண்டும். 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் நிலக்கரியை 'ஒழிப்பது' என்று எழுதியிருந்ததை 'குறைப்பது' என்று கடைசி நேரத்தில் இந்தியா மாற்றச் சொன்னது. பலர் திட்டினார்கள். நான் திட்டமாட்டேன். ஆனால் அந்த வார்த்தையைத் தலைக்கு வைத்துத் தூங்கவும் கூடாது.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு தென்னாப்பிரிக்காவில் கோமாட்டி இருக்கிறது. 1961 முதல் ஓடிய அனல் நிலையம், 2022 அக்டோபரில் மூடினார்கள். அதை நம்பியிருந்த ஊரில் வேலை போனது, மாற்று வேலை சொன்ன வேகத்தில் வரவில்லை. தயாராகாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கடலுக்கு அந்தப்பக்கமே பாருங்கள். 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை சப்ஸ்டேஷனில் ஒரு குரங்கு புகுந்ததாக அமைச்சர் சொன்னார். இலங்கை முழுக்க இருட்டு. குரங்கைச் சொல்லிச் சிரித்தார்கள். விடுமுறை நாள், தேவை குறைவு, வெயில் ஜோர், சூரிய மின்சாரம் நிறைய. கனமாகச் சுழன்று அதிர்ச்சியைத் தாங்கும் இயந்திரங்கள் குறைவு. ஒரு தட்டு தட்டியதும் எல்லாம் சரிந்தது. நுரைச்சோலை அனல் நிலையம் திரும்ப எழுந்து நிற்கச் சில நாள் ஆனது.

நம்மிடம் என்ன இருக்கிறது? கோதையாற்றில் இரண்டு நீர்மின் நிலையங்கள், 60-ம் 40-ம் ஆக 100 மெகாவாட். தண்ணீரைத் திறந்தால் சில நிமிடத்தில் மின்சாரம். ஆனால் அந்தத் தண்ணீர் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற நம்ம இரண்டு நெல் போகத்துக்கும் பதில் சொல்லவேண்டிய தண்ணீர். நினைத்தபோதெல்லாம் திறக்க முடியாது. ஆனைமலையில் கடம்பாறை வேறு மாதிரி. மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு 400 மெகாவாட் எடுக்கலாம். 1980-களில் கட்டியது. அப்புறம் பல பத்து வருஷம் அதுபோல் இன்னொன்று நம் மாநிலத்தில் ஓடத் தொடங்காமல் கிடந்தது எனக்கு இன்றும் ஆறவில்லை.

இன்னொன்று, முப்பந்தலின் பழைய சின்னக் காற்றாடிகள். நல்ல காற்று அடிக்கிற இடத்தையெல்லாம் 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஊருக்கு முதலில் வந்தவர் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தமாதிரி. அங்கே 2 மெகாவாட்டுக்கு மேற்பட்டதை நிறுத்தலாம். அதற்கும் விலை உண்டு: சில காற்றாடிகளின் காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியம் என்ற உலோகம் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடல்மணலிலும் இருக்கிறது. தோண்டச் சொல்வதற்கு முன்னால் அந்தக் கரைக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும்.

பின்வரிசையில் ஒரு தம்பி, "அப்போ தூத்துக்குடியை எப்போ சார் மூடலாம்?" என்று கேட்டார். தேதி சொல்ல மாட்டேன் தம்பி. ஐப்பசியில் காற்றில்லாத ஒரு வாரம், மழைமேகம் மூடிய வானம், சாயங்காலம் ஏழு மணி. அந்த நேரத்தைத் தேக்கிய தண்ணீரும் பேட்டரியும் வெளிமாநில மின்சாரமும் வைத்து ஒருமுறை தாண்டிக் காட்டட்டும். அடுத்த நாளே ஒரு யூனிட்டை நிறுத்தச் சொல்லி நானே வந்து கையெழுத்துப் போடுகிறேன். அதுவரை அந்த நிலையம் குறைவாக ஓடட்டும், தயாராக நிற்பதற்குக் கூலி வாங்கிக்கொள்ளட்டும். நாட்டின் மின்தொகுப்பை நடத்துகிற கிரிட் இந்தியா நிறுவனத்தின் தென்மண்டல மையம் தினசரி அறிக்கை போடுகிறது, போனிலேயே பார்க்கலாம். இன்றைய தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் ஒரு தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்து, தமிழ்நாட்டு வரியில் காற்று என்ற கட்டத்தை மட்டும் பாருங்கள்.